அத்திமரத்தடி

ஒரு மலைச்சரிவின் ஈரம் என்ன விலை போகும் என்று கேட்டால் எவெலியோவால் யோசிக்காமல் சொல்ல முடியும்: லாரிக்கு முப்பத்தைந்து யூரோ, ஏற்றுகூலி வாங்குகிறவன் பொறுப்பு. பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த விலைக்குத்தான் விற்றான். நல்ல விலை என்று நாலு பேர் முதுகில் தட்டியும் கொடுத்தார்கள்.

இப்போது அதே சரிவில், கடைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையோடு மண்டியிட்டு, ஈரம் போகாமலிருக்க மண்மேல் விரிக்கும் வெள்ளை நுரைக்கல்லை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டிருந்தான். மணி பத்துகூட ஆகவில்லை. ஜூன் வெயில் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. தெனெரீஃப் தீவில் மேகமெல்லாம் மலையின் வடக்குப் பக்கத்தோடு நின்றுவிடும். தெற்குக்காரர்களுக்கு அதன் ஓரம் பார்க்கக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு சாண் ஆழம்வரை நுரைக்கல். அதற்குக் கீழே மண் தட்டுப்பட்டது. என்றைக்கோ மலை கக்கிய சாம்பல் மக்கி உண்டான பழுப்பு மண். விரலை உள்ளே செலுத்தினான். குழந்தைக்குப் போடுகிற பவுடர் டப்பாவுக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. பிடித்துத் தூக்கினால் பாதி காற்றோடு போயிற்று.

காலையில் அப்பா இதைத்தான் கேட்டிருந்தார். நாலு நாளாகப் பாலில் கரைத்த வறுத்த மாவுகூட இறங்காமல் கிடந்தவர், ஆறு மணிக்குக் கண் திறந்து, தெளிவாகப் பேசினார்.

"அத்திமரத்தடிக்குப் போ. மேல்வரிசையில தோண்டி ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா."

"இப்ப எதுக்குப்பா அது?"

"தொட்டுப் பாக்கணும்."

எவெலியோ அக்காவைப் பார்த்தான். ஒப்தூலியா தலையணை உறையை மாற்றிக்கொண்டே, "போயேன்டா. பதினோரு வருஷத்துல உங்கிட்ட வேற என்ன கேட்டிருக்காரு?" என்றாள்.

அத்திமரம் தோட்டத்தின் உச்சியில் நின்றது. ஐந்து கல்வரப்பு ஏற வேண்டும். எவெலியோவின் வலது முழங்கால் மூன்றுக்கு மேல் ஒத்துழைக்காது. போதாததற்கு, கீழே துறைமுகத்தில் அவனுடைய தக்காளி வண்டி நின்றுகொண்டிருந்தது. போன் மூன்று முறை அடித்துவிட்டது. அதனால் முதல் வரப்பிலேயே உட்கார்ந்து தோண்டினான். தோட்டம் ஒன்று, மண்ணும் ஒன்று. மூட்டையின் வாயில் கைவிட்டுப் பார்த்தே மொத்த மூட்டைக்கும் விலை சொல்லிப் பழகியவன் அவன்.

கையிலிருந்த பொடியைப் பார்த்தான். இதையா கொண்டுபோய்ச் சாகக் கிடப்பவர் கையில் வைப்பது? தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினான். தண்ணீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு, மண்மேல் பட்டும் படாமலும் ஓடி, விரலிடுக்கில் விழுந்துவிட்டது. மண் நனையவே இல்லை.

இந்த மண்ணின் குணம் அது. மூடி வைத்தால் அடுத்த மழைவரை ஈரத்தை விடாது. ஒரு கோடை முழுக்க வெயிலில் திறந்து போட்டால், பிறகு கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் குடிக்காது.

எவெலியோ அதைத் தெரியாமல் செய்துவிடவில்லை, ஒரு கணக்கோடுதான் செய்தான். அப்போது அப்பா இடுப்பெலும்பு முறிந்து தலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். தோட்டத்தில் விரித்திருந்த நுரைக்கல் பழசாகி மண்ணோடு கலக்க ஆரம்பித்திருந்தது. பழசைச் சுரண்டிப் புதுசு விரிப்பது எல்லோரும் இருபது வருடத்துக்கொரு முறை செய்கிற வேலைதான். பழசை ஒரு ஹோட்டல் தோட்டக்காரன் விலைக்குக் கேட்டான். எவெலியோவுக்குக் கடை பிடிக்க முன்பணம் தேவைப்பட்டது. ஜூனில் விற்பது, ஜூலையில் குவாரியிலிருந்து புதுசு இறக்குவது, அப்பா வந்து பார்த்து அசந்து போவது. ஜூலையில் குவாரிக்குத் தடை வந்தது. மண் அக்டோபர்வரை அம்மணமாகக் கிடந்தது. முதல் மழைத் தண்ணீர் முழுக்க வரப்பேறிக் குதித்து ஓடையில் போய்ச் சேர்ந்தது.

அப்பா ஊன்றுகோலோடு வந்து பார்த்தார். "எத்தனை லாரி?" என்றார்.

"நூத்திப் பன்னெண்டுப்பா."

திட்டியிருந்தால் தேவலை. அவர் அதற்குமேல் எதுவுமே கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். மழை அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய நுரைக்கல் அங்கே மணல்திட்டு மாதிரி கிடக்கும். தடை போட்டவர்கள் கூடைக் கிழவனைப் பிடிக்கப் போவதில்லை. அத்திமரத்தடியில் ஆரம்பித்தார். கீழே தழையும் ஆட்டுப் புழுக்கையும், மேலே நுரைக்கல். மேல்வரிசை முடிந்தபின் கீழ்வரப்பிலிருந்து ஏறி வந்தார், அங்கே வெறும் நுரைக்கல் மட்டும்.

"ஒரு லாரிக்கு எத்தனை கூடைன்னு தெரியுமாப்பா உனக்கு?" என்று எவெலியோ ஒரு தடவை கேலி செய்தான்.

"நானூறு," என்றார் அப்பா. ஏற்கனவே எண்ணிவிட்டிருந்தார்.

போன் நாலாவது முறை அடித்தது. எவெலியோ எழுந்து, பக்கத்து வரப்பைப் பார்த்தான். அது ஃபாபியான் மாமாவின் தோட்டம். அங்கே யாரும் எதையும் விற்கவில்லை. உருளைக்கிழங்குச் செடி கரும்பச்சையாக நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வரப்பைத் தாண்டினான். அங்கே நுரைக்கல்லை விலக்கியதும் குளிர்ச்சி கையில் ஏறியது. மண் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அழுத்திப் பிடித்தபோது விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, குழியை மூடி மேலே தடவிச் சமப்படுத்தினான். சரக்கை எடுத்த இடத்தைச் சுத்தமாக விடுவது கடைக்காரன் புத்தி.

அப்பாவின் கண்ணில் மூன்று வருடமாகப் புரை. கை நன்றாக இருந்தது. மண்ணை உள்ளங்கையில் வைத்ததும் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கட்டைவிரலால் தேய்த்தார். அழுத்தினார். மணிக்கட்டு வழியாக ஒரு சொட்டு இறங்கி, ஒப்தூலியா அப்போதுதான் மாற்றிய வெள்ளைத் துணியில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு கட்டைவிரல் மறுபடியும் தேய்த்தது, இந்தத் தடவை மெதுவாக, சில்லறையில் செல்லாக் காசைத் தேடுகிறவன் மாதிரி.

"ஃபாபியானுக்கு இந்த வருஷம் கிழங்கு நல்லா இறங்கும்," என்றார்.

ஒப்தூலியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எவெலியோவுக்குக் காது சூடாயிற்று.

"அத்திமரத்தடிக்குப் போனியா?"

முழங்காலைச் சொல்லியிருக்கலாம். தக்காளி வண்டியைச் சொல்லியிருக்கலாம். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"போனேன்ப்பா."

"மேல்வரிசையில?"

"மேல்வரிசையிலதான்."

அங்கேயும் பொடிதான் போலிருக்கிறது, அதனால்தான் மகன் அடுத்தவன் தோட்டத்தில் கை வைத்திருக்கிறான் என்று அப்பா கணக்குப் போட்டு முடித்ததை எவெலியோ அவர் முகத்தில் பார்த்தான். அவர் கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி விரலைத் திறந்தார். மண் தரையில் பொத்தென்று விழுந்தது.

"சரி," என்றார்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் மதியம் அடக்கம். மேல் ஊர்க் கல்லறையில் மண்ணில் புதைக்கிற வழக்கம் இல்லை. சுவரில் வரிசையாக மாடங்கள், பெட்டியை உள்ளே தள்ளிச் செங்கல் வைத்துப் பூச வேண்டியதுதான். அப்பாவுக்கு மூன்றாம் வரிசை கிடைத்தது. பாதிரியார் முடித்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார். கொத்தனார் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தபோது ஃபாபியான் மாமா எவெலியோவின் பக்கத்தில் வந்து நின்றார். எண்பது வயது, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு.

"உங்கப்பனுக்குப் புடிக்காத இடம்," என்றார் மாடத்தைப் பார்த்து. "ஒரு பொட்டு ஈரம் தங்காது. புறாக்கூண்டு."

"வேற என்ன மாமா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கும் பக்கத்துக் கூண்டுதான், முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கேன். சண்டை போட ஆள் வேணுமில்ல." சிமென்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து எந்தோட்டத்துல எவனோ குழி தோண்டியிருக்கான்."

எவெலியோ சட்டைக் காலரைத் தளர்த்தினான்.

"நாயாத்தான் இருக்கும்னு பாத்தேன். ஆனா நாய் தோண்டுன குழிய மூடாதே. அதும் அஞ்சு வெரல் வச்சு இஸ்திரி போட்ட மாதிரி." திரும்பி எவெலியோவின் நகக்கண்ணைப் பார்த்தார். "கேட்டிருந்தா ஒரு கூடை குடுத்திருப்பேன்டா."

"மாமா..."

"அத விடு. மேல்வரிசை என்னாச்சு, அதச் சொல்லு. அத்திமரத்தடியில பாத்தியாமே, ஒப்தூலியா சொன்னா. எனக்கும் உங்கப்பனுக்கும் ஒரு பந்தயம் ஓடுது. இந்த ஜூனுக்குள்ள மேல்வரிசை மண்ணு திரும்பிடும்னான். செத்த மண்ணு எங்கடா திரும்பும், போடான்னு நான் ஒரு ஆட்டுக்குட்டி கட்டினேன். டிசம்பர்ல படுத்தவன், கடைசிவரைக்கும் போய்ப் பாக்கவே முடியல. யாரு ஜெயிச்சது?"

கொத்தனார் கடைசிச் செங்கல்லை வைத்துக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"நான் அங்க போகல மாமா," என்றான் எவெலியோ.

ஃபாபியான் மாமா தொப்பியைத் தலையில் வைத்தார், உடனே எடுத்தார், அது கல்லறை என்பது ஞாபகம் வந்து. "அப்ப வா," என்றார்.

ஐந்து வரப்பு ஏறுவதற்கு இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு மூச்சு. அத்திமரத்தடியில் நுரைக்கல் பழசாகிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. எவெலியோ விலக்கினான். மக்கிப்போன தழை வந்தது. அதற்குக் கீழே கருத்த மண். விரலை விட்டான். எடுக்கவில்லை.

"என்னடா?"

எவெலியோ கையை எடுத்து மாமாவிடம் நீட்டினான். விரலில் ஒட்டியிருந்த மண் பளபளத்தது. மாமா அதைத் தன் கட்டைவிரலில் வாங்கித் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். தண்ணீர் சொட்டவில்லை, அவ்வளவு ஈரம் இல்லை. ஆனால் வழுக்கியது.

"ஒரு வெரக்கடை தேறும்," என்றார். பிறகு கோட்டுப் பையில் கைக்குட்டை தேடினார், அது கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. "போச்சு. எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி போச்சு."

"யாருகிட்ட குடுப்பீங்க?"

மாமா கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார். சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போனார்.

எவெலியோ குழியை மூடினான். வரப்போரம் கொட்டகை இருந்தது. கதவில் கரிக்கட்டையால் இழுத்த கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி. லாரிக்கு ஒரு கோடு. எண்ணிப் பார்த்தான். சரக்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுவது அவன் வழக்கம். இரண்டு தடவையும் எழுபத்தொன்றுதான் வந்தது. கடைசிக் கோடு மற்றவற்றைவிடக் கோணலாக இருந்தது.

கூடை கதவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தது. அடிப்பக்கம் இரண்டு இடத்தில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். போன் அடித்தது. அதை எடுத்துக் கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஓடைக்கு இறங்கி, ஒரு கூடை நிரப்பி, மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி வந்து, அப்பா விட்ட இடத்தில், வெறும் பழுப்பாகக் கிடந்த ஓரத்தில் கொட்டினான். ஒரு பாய் அகலம்கூடத் தேறவில்லை.

கதவுக்கு முன்னால் வந்து கரிக்கட்டையை எடுத்தான். ஒரு கூடைக்கெல்லாம் கோடு போட முடியாது. திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

போனது நூற்றுப் பன்னிரண்டு. வந்தது எழுபத்தொன்று. பாக்கி நாற்பத்தொரு லாரி, ஒரு கூடை குறைய.