புரியும்படி எழுதியவன்

1

இந்தக் கதையை மூன்று முறை எழுதி முடித்துவிட்டேன். மூன்று முறையும் பழியை ஒரு டாக்டரம்மாவின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆகவே இது நான்காவது வரைவு.

கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2002 ஆகஸ்டில் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் கருத்தரங்கு நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆராய்ச்சியைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒருவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினார், ஒருவர் ராகி விளைச்சலைப் பற்றி, இன்னொருவர் ஏரிகளைப் பற்றி. டாக்டர் மகா, கோலார் தங்க வயலில் பாறை துளைத்தவர்களின் நுரையீரலைப் பற்றிப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கியவன் நான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்களையும் மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்ற வேண்டும் என்ற புத்தி எனக்குத் தாமதமாக வந்தது.)

‘நான்’ என்று எழுத ஆரம்பித்தால் கை எனக்குச் சாதகமாகவே போகிறது. அதனால் அந்த ஆளைச் சீனு என்று வைத்துக்கொள்கிறேன். வயது நாற்பத்தாறு. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சிறுபத்திரிகைகளில் ஏழெட்டுக் கதை வந்துவிட்டதால் தன்னை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவன்.

2

தொடக்கம் ஒன்று: ‘மகா மேடையேறியபோது அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அளவுக்கு’

[அடித்துவிட்டேன். அன்று அந்த அரங்கின் மின்விசிறிகள் போட்ட சத்தத்தில் உலக்கை விழுந்தாலும் கேட்டிருக்காது.]

தொடக்கம் இரண்டு: ‘பூமிக்கு அடியில், விளக்கின் வெளிச்சம் போகிற தூரம் மட்டுமே உலகமாக இருந்த ரெமிஜியஸ்’

[இதையும். சீனு சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. இறங்காத இடத்தை வர்ணிக்கிற பழக்கத்தால்தான் இவ்வளவும் வந்தது.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

மர்பி டவுனில் ரெமிஜியஸின் வாடகை வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் டாக்டர் மகா உட்கார்ந்தார். பேட்டியை எழுதிக்கொள்ள வந்த சீனு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ரெமிஜியஸ் சுவரைப் பிடித்தபடி நின்றார். இருபத்தாறு வருஷம் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடியபின் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து, பீன்யாவில் ஒரு ஃபாக்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிடுகிறார். மனைவி ஆரோக்கியமேரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

“மேடம், எக்ஸ்ரே எடுத்துக்கோங்க, ரத்தம் எடுத்துக்கோங்க, ஊதச் சொன்னா ஊதறேன். ஒண்ணே ஒண்ணு. மேரிக்கு மட்டும் தெரிய வேணா.”

“அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?”

“ஆஸ்துமான்னு சொல்லிக்கீறேன். தெனம் சுக்கு கஷாயம் வெச்சித் தரா. குடிச்சிட்டு, இன்னிக்குத் தேவலாம் மேரின்னு சொல்லுவேன். அதுல அவளுக்கு அவ்ளோ சந்தோசம் மேடம்.”

“உங்க பேர் எங்கயும் வராது. நான் ப்ராமிஸ் பண்றேன்” என்றார் மகா.

ரெமிஜியஸ் சீனுவையும் பார்த்தார். சீனு தலையாட்டினான்.

(‘தலையாட்டினான்’ என்று எழுதுவதா, ‘வாக்குக் கொடுத்தான்’ என்று எழுதுவதா? முதல் சொல்லில் தப்பிக்க இடம் இருக்கிறது, அதனால் முதல் வரைவில் அதைப் போட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.)

3

முந்தைய வரைவுகளில் மகாவை ஈவிரக்கமில்லாத ஆராய்ச்சிக்காரியாக எழுதியிருந்தேன். அப்படி ஒரு ஆள் கிடைத்துவிட்டால் கதை தானாக ஓடும். ஆனால் அவர் அப்படி இல்லை. சுரங்கக் குடும்பங்களை அரங்குக்கு அழைக்க வேண்டும் என்று கருத்தரங்குக்காரர்களோடு சண்டை பிடித்ததே அவர்தான். “யார் உடம்பைப் பத்திப் பேசறோமோ, அவங்க அங்க உட்கார்ந்து கேட்க வேண்டாமா?” என்று கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் சீனுவுக்கு மொழிபெயர்ப்பு வேலை வந்தது.

கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகுகிற நோய். நோயின் கடுமையை வைத்து நோயாளிகளை மகா மூன்று பிரிவாக்கியிருந்தார். சீனு அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தான். ‘இ’ பிரிவைப் பற்றி மகாவின் ஆங்கிலம் சுற்றி வளைத்து, பூசி மெழுகி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் நின்றது. சீனு அதை ஒரே வரியாக்கினான்: ‘இந்தப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதில்லை.’

மகா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சீனு, இவ்வளவு பச்சையா சொல்லணுமா? என் இங்கிலீஷ்ல கொஞ்சம் சாஃப்டா இருக்கே.”

“உங்க இங்கிலீஷ் யாருக்கும் புரியாது டாக்டர். அவங்களுக்குப் புரியணும்னுதானே கூப்பிடறோம்?”

அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். “சரி, விடுங்க” என்றார்.

அந்த வரியில் சீனுவுக்குப் பெருமை. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. அச்சகத்தில் இரண்டு பேரிடம் வாசித்தும் காட்டினான்.

4

தங்க வயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் அறுபது பேர் வந்திருந்தார்கள். மர்பி டவுனிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களோடு ரெமிஜியஸும் ஆரோக்கியமேரியும் வந்தார்கள். ரெமிஜியஸ் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் தெருவே கிளம்பும்போது அவர் மட்டும் தங்கினால், ஏன் என்று மேரி கேட்பார். முன்வரிசைகளில் கல்லூரிப் பெண்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருந்தார்கள். சுரங்கத்துக்காரர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள்.

மகா தமிழிலேயே பேசினார். சீனு ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்று எழுத்து அச்சிட்ட பிளாஸ்டிக் ஷீட்டுகளை மாற்றினான். “தமிழ்ல எழுதித் தந்தது சீனு சார்” என்று மேடையிலிருந்தே அவனைக் காட்டினார். கைதட்டினார்கள்.

“சிமென்ட் மூட்டையில ஈரம் பட்டா என்ன ஆகும்? இறுகிடும். அப்புறம் உதறினாலும் வராது. உங்க நெஞ்சுக்குள்ள நடக்கறது அதுதான்” என்றார் மகா. பின்வரிசையில் தலைகள் அசைந்தன. இத்தனை வருஷத்தில் யாரும் அவர்களுக்கு இதை இப்படிச் சொன்னதில்லை. பிறகு அ, ஆ, இ. சீனுவின் வரியைப் பெரிய எழுத்தில் எல்லோரும் படித்தார்கள்.

ஆறாவது ஷீட் ஒரு பட்டியல். இருபத்துமூன்று எண்கள், பக்கத்தில் சுரங்கத்தில் இருந்த வருஷங்கள், அதற்கும் பக்கத்தில் பிரிவு.

“ஏய், 3318 நான்தான்டா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பாதுரை என்கிறவர். சிரிப்பு எழுந்தது.

“2960 நம்ம ஓஸ்வால்ட் அண்ணன் இல்ல?”

“எங்க, கண்ணாடி குடு, பாக்கறேன்.”

பேப்பரில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்ப்பது மாதிரி எழுந்து நின்று விரல் நீட்டினார்கள். மகா ஒன்றும் புரியாமல் சீனுவைப் பார்த்தார்.

இந்தக் கதையின் சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. கீழே இறங்கும்போது அதைப் பலகையில் மாட்ட வேண்டும், மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டியபடியே இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்திலும் அதே எண்தான். விபத்துச் சங்கு ஊதினால் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து பெயரைக் கேட்க மாட்டார்கள், எண்ணைத்தான் கேட்பார்கள்.

அங்கே எண்தான் பெயர் என்பது மகாவுக்குத் தெரியாது. சீனுவுக்கும் தெரியாது. எண்ணைப் போட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

சிரித்தவர்களின் விரல்கள் எண்ணிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தன. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

5

இப்போது சொல்லியாக வேண்டியதைச் சொல்கிறேன். ‘மகா பட்டியலில் டோக்கன் எண்களைப் போட்டிருந்தார்’ என்று மூன்று வரைவுகளிலும் எழுதினேன். அது பொய்.

மகா கொடுத்த தாளில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வெறும் வரிசை எண், ஒன்று முதல் இருபத்துமூன்று வரை. அதன் பக்கத்தில், பதிவேட்டோடு சரிபார்ப்பதற்காக, டோக்கன் எண். எழுத்தைப் பெரிதாக வைத்ததால் ஷீட்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. சீனு வரிசை எண்ணை வெட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் மளிகைப் பட்டியல் போல இருந்தது. 4127 என்று போட்டதும் அங்கே ஒரு ஆள் நிற்பதுபோல் இருந்தது. படிக்கிறவர்களுக்கு நிஜம் என்று தோன்றட்டும் என்று நினைத்தான். கதை எழுதுகிறவனுக்கு உள்ள வியாதி இது. மகா அந்த ஷீட்டை அவசரத்தில் பார்த்துவிட்டு, “ஸ்பெல்லிங் எல்லாம் சரிதானே?” என்று மட்டும் கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் அழகான சொல் எதையும் நான் தேடவில்லை.

6

ஆரோக்கியமேரி எழுந்து நின்றார். ரெமிஜியஸ் அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

“டாக்டரம்மா, 4127-க்கு நேரா ‘இ’ன்னு போட்டுக்கீது. எங்க வூட்டுக்காரருக்கு ஆஸ்துமாதானே?”

அரங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

முடிவு ஒன்று. மகா, “அது அச்சுப்பிழை அம்மா” என்கிறார். மேரி உட்கார்கிறார். சாயங்காலம் கஷாயம் கொதிக்கிறது. [அப்பாதுரையின் எண் சரி, ஓஸ்வால்டின் எண் சரி, இது மட்டும் எப்படிப் பிழை என்று மேரி கேட்பார். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு. ரெமிஜியஸ் எழுந்து, எல்லோர் முன்னாலும், “ஆமா மேரி, நான்தான் மறைச்சேன்” என்கிறார். [படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பழி இந்த முறை நோயாளியின் தலையில் போய் உட்காருகிறது.]

முடிவு மூன்று. மகா மேடையிலிருந்து இறங்கி வந்து மேரியின் கையை

[இதற்கு நேரமே இருக்கவில்லை.]

நடந்தது இதுதான். மகா வாயைத் திறப்பதற்குள் சீனு ஷீட்டைப் பிடுங்கி எடுத்துவிட்டான். சுவரில் வெறும் வெள்ளைச் சதுரம் விழுந்தது. மேரி அந்த வெள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, இழுபட்ட தலைப்பைச் சரிசெய்துகொண்டார். எடுத்ததே பதிலாகிவிட்டது என்பது சீனுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

7

மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். மகா நேராக ரெமிஜியஸிடம் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று சீனுவுக்குத் தெரியாது. ரெமிஜியஸ் தலையை நிமிர்த்தவில்லை என்பதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தான்.

ஆரோக்கியமேரி புளியோதரைத் தட்டோடு சீனுவிடம் வந்தார்.

“தமிழ்ல எழுதினது நீங்கதானே சார்?”

“ஆமாம்மா.”

“எல்லாம் நல்லாப் புரிஞ்சிது. இந்த ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றது ஒண்ணுமே எங்களுக்குப் புரியாது. நீங்க எழுதினது புரிஞ்சிது.” அவர் குரலில் குத்தல் இல்லை. அழவும் இல்லை. “ஒரே ஒண்ணு கேக்கணும் சார். மூணு வருசம்னு எழுதிக்கீறீங்களே, அத எப்போலேர்ந்து எண்ணணும்?”

“அம்மா, அது வந்து”

[நான்கு வரைவுகளிலும் வாக்கியம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ‘பெரும்பாலும்’ என்று எழுதியிருக்கிறேனே, எல்லோரும் அல்லவே என்று ஒரு முறை சொல்ல வைத்தேன். டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரு முறை. கர்த்தர் இருக்கிறார் என்றுகூட ஒரு முறை. சீனுவுக்கு அந்த நம்பிக்கையே கிடையாது. மூன்றையும் அடித்துவிட்டேன்.]

ரெமிஜியஸ் அதன் பிறகு எத்தனை நாள் இருந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் அதை வைத்து அந்தப் பெண்ணுக்கு ஒரு பதிலைத் தயார் செய்துவிடுவீர்கள். அன்று அங்கே நின்றவனுக்கு அந்த வசதி இல்லை.

தட்டில் சோறு ஆறுகிறது. அவர் இன்னும் கை வைக்கவில்லை, பதிலுக்காக நிற்கிறார். இந்த முறை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்படி.