பாதம் பார்க்கிறவள்

குளிப்பாட்டி முடித்து, பெற்ற அய்யனின் உடலைப் பெஞ்சில் கிடத்தியதும், முத்தாயி கால்மாட்டில் உட்கார்ந்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் என்ன கண்ணு அங்க? ஈரம் நின்னா இனி என்ன ஆகப்போவுது?" என்றார் பங்காளி அர்த்தநாரி. சாவுக் காரியங்களை முன்நின்று நடத்துகிறவர். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட, வெள்ளைத் துணிக் கிழிசலோடு காத்திருந்தார்.

"சித்தெ இருங்க பெரியப்பா. முடிஞ்சுருச்சு."

அய்யன் ஆத்தப்பனுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம். சாயப்பட்டறைத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றே சம்பாதித்தவர். கால் மரத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஒரு நர்சம்மா நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. பாதியை அய்யன் கேட்டு வந்தார், மீதியைக் கூடப்போன முத்தாயி கேட்டு வந்தாள். பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. பகலெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டை தேடிய கண், சாயங்காலம் அய்யனின் பாதத்தில் தேடும்.

"சரக்கு பாஸா, ரிஜெக்டா?" என்பார் அவர்.

"எக்ஸ்போர்ட்டே போலாங்கய்யா."

இன்று விடியலில் காபியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர்தான். நெஞ்சு நின்றுபோனது. கால் இரண்டும் ஒரு வடுவில்லாமல், பத்து விரலும் முழுசாக இருந்தன. அர்த்தநாரி குனிந்து முடிச்சுப் போட்டதை முத்தாயி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பொங்கலூரிலிருந்து சித்தப்பா கன்னையன் வந்தார். சேதி கேட்டதும் செருப்பை விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். ஈரச் சிமெண்டுத் தரையில் அவர் நடந்துவர, வலது கால் வைத்த இடமெல்லாம் சின்னதாகச் சிவப்பு.

"சித்தப்பா, காலக் காட்டுங்க."

"எங்காலுக்கு என்ன கண்ணு? அண்ணனப் பாக்க உடு."

அவருக்கும் சர்க்கரைதான். "ஊட்டுக்குள்ளயே செருப்புப் போட்டுட்டு நடக்கறயே, நீ என்ன கலெக்டராண்ணா?" என்று அய்யனைக் கேலி பேசுகிறவர். முத்தாயி அவரை உட்காரவைத்துக் காலைப் பிடித்துத் திருப்பினாள். குதிகாலில் வேலாமுள் ஒன்று முறிந்து நின்றது. நகத்தால் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்தது.

"வலிக்குதுங்களா?"

"எது?"

அவள் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டினாள்.

அய்யனுக்கு மகன் இல்லை. கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியது சித்தப்பாதான். சுடுகாடு நொய்யல் ஆற்றங்கரையில்; அதுவரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அய்யனுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒருவர், இப்படித்தான் கோயிலுக்கு வெயிலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, மறுநாள்தான் கொப்புளத்தையே பார்த்தாராம். அவருக்கு ஒரு கால் முட்டியோடு முடிந்திருந்தது.

"சித்தப்பா, செருப்புப் போட்டுக்குங்க."

"கொள்ளி வெக்கறவன் செருப்போட போனா ஊரு காறித் துப்பும்."

"அப்ப ஆட்டோல வாங்க."

"எங்கண்ணன் பாடையில வர, நான் ஆட்டோல போறதா? நல்லாருக்குது நாயம்."

அய்யனின் தலைமாட்டில் இருந்த அம்மா நஞ்சம்மாள் வாய் திறந்தாள். "உங்கண்ணன் செருப்பு உள்ள இருக்குதுங்க கொழுந்தனாரே. போட்டுட்டுப் போங்க. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"அண்ணன் செருப்புல நானு காலு உடறதாங்க நங்கை?" அண்ணியிடம் அதைச் சொல்லும்போதுதான் சித்தப்பாவுக்கு அழுகை உடைந்தது.

முத்தாயி அர்த்தநாரியிடம் போனாள். "பெரியப்பா, துணி சுத்திக்கலாமுங்களா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "துணிக்கு என்ன குத்தம்? பாடைக்கு முன்னால துணி விரிக்கறதில்லையா? இவன் அதக் காலுலயே கட்டிட்டுப் போறான். எவங்கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

கம்பெனியில் மிச்சம் விழுந்த வெள்ளை இன்டர்லாக் பனியன் துணித் துண்டுகள் உள்ளே ஒரு பையில் கிடந்தன. எடுத்து மடித்துப் பார்த்தாள். தார்ச்சூட்டுக்கு இது எம்மாத்திரம்? மூலையில் அய்யனின் ரப்பர் செருப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், எடுத்து அரிவாள்மனையில் வாரை அறுத்தாள்.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அம்மா. அம்மா கதவைச் சாத்தி, வெளியே அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

முதலில் துணி, பிறகு ரப்பர், அதன்மேல் மறுபடி துணி. உள்ளேயே சேர்த்துத் தைத்து எடுத்துவந்தாள். அவள் சுற்றிக் கட்டும்போது சித்தப்பா அண்ணன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கட்டுக்குள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"உறுத்துதுங்களா?"

"ஒண்ணும் தெரியல கண்ணு."

தெரு முக்கோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். எல்லோரும் பாடையைப் பார்த்து அழுதார்கள். முத்தாயி அதற்கு முன்னால் போன சித்தப்பாவின் கால்களை, அந்த இரண்டு வெள்ளைப் பொதிகளை, வளைவில் மறையும்வரை பார்த்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஆண்கள் திரும்பினார்கள். காலுக்குத் தண்ணீர் ஊற்ற அவள் குடத்தோடு வாசலில் நின்றாள்.

"உங்க சித்தப்பன் குளிக்கறப்பக்கூட கட்ட அவுக்கல கண்ணு," என்றார் அர்த்தநாரி. "தலைக்கு ஊத்திக்கறான், கால மட்டும் வெளிய நீட்டிக்கறான், புது மாப்பிள்ளையாட்ட. கேட்டா, எம்புள்ளதான் அவுக்கோணும்னான்."

முத்தாயி குனிந்து வலது காலின் முடிச்சை அவிழ்த்தாள். வெளித்துணி தாரோடு தாராகக் கருகியிருந்தது. உள்ளே பாதம் உலர்ந்து, வெளுத்து, கொப்புளமில்லாமல் இருந்தது. முள் எடுத்த இடத்தில் கசிவில்லை.

தையல் விட்ட துணிக்குள்ளிருந்து ரப்பர் அட்டை எட்டிப் பார்த்தது. அதில் அய்யனின் ஐந்து விரலும் அழுந்திய குழிகள். சித்தப்பா அதைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை.

பிறகு அவர் அவளுடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக இடது காலைத் தூக்கி நீட்டினார்.