பதினோரு பீம்கள்

மூன்றாவது முறையும் கட்டடம் காணாமல் போனது. கோப்பு உள்ளே வந்துவிட்டது என்று மென்பொருள் பச்சை எழுத்தில் சொன்னது. திரையில் வெறும் கறுப்புதான் இருந்தது. சின்னவள் மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பின்னால் போனாள், போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு மூலையில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் நான்கு மாடி வீடு. ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் படம் போடுகிறவன் நில அளவைப் படத்தின் மேலேயே வீட்டை வரைந்து அப்படியே அனுப்பியிருக்கிறான். வீடு பூஜ்யப் புள்ளியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது. அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் காப்பி-பேஸ்ட். எதையும் புதிதாக வரைய மாட்டான். எங்கிருந்தாவது எடுத்து எங்கேயாவது ஒட்டுவான். அவனை ஒரு நாள் நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது.

வீட்டில் அவள் கடைக்குட்டி. முப்பத்தொன்பது வயதாகியும் எல்லோருக்கும் சின்னவள்தான். அலுவலகம் என்பது அண்ணன் வீட்டின் முன்னறை: இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சுவரோரம் சுருட்டி நிறுத்திய படங்கள். கட்டடம் நிற்குமா என்று கணக்குப் பார்ப்பது அவள். நிற்கும் என்று கையெழுத்துப் போடுவது அண்ணன். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கைபேசி அடித்தது. அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த மருத்துவமனை சைட்டில் கம்பி கட்டுகிறவர். கையில் எப்போதும் கொக்கி இருப்பதால் அங்கே எல்லோரும் அவரைக் கொக்கி என்றே கூப்பிட்டார்கள். அவரும் போனில் அப்படியேதான் சொல்லிக்கொண்டார். முதல் மாடித் தளத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு கான்கிரீட். நடு ஹால் பீம்களில் கம்பி குறைச்சலாகத் தெரிகிறது, தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு தடவை பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். இருபத்திரண்டு அடி நீளத்துக்கு இருபது எம்எம்மில் ஐந்து கம்பி கட்டித்தான் அவருக்குப் பழக்கமாம். படத்தில் பதினாறில் நாலுதான் போட்டிருக்கிறதாம்.

"எத்தனை வருஷமா கட்டுறீங்க?" என்றாள் சின்னவள்.

"இருபத்தாறு வருஷம் மேடம்."

"அப்ப படத்துல இருக்கிறத கட்டுறதுக்கும் பழகியிருப்பீங்கல்ல. கணக்கு நான் பாத்துக்கிறேன்."

போனில் பின்னால் யாரோ பலகையில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. "சரிங்க மேடம். கட்டிட்டேன். கைக்கு ஒப்பல, அதான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உட்காரவிடவில்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே மருத்துவமனைக் கோப்பைத் திறந்தாள். நடு ஹால். கீழே தடுப்பூசிக்குக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் காத்திருக்கும் இடம். மேலே பழைய நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைக்கும் அறை. காகிதத்துக்கு என்ன கனம் என்று அடுக்கியவர்களுக்குத்தான் தெரியும். ஏழாம் எண் பீமின் மேல் அம்பை வைத்து அழுத்தினாள். ஏழு என்று வந்தது. கை தவறி இன்னொரு முறை அழுத்தினாள். முப்பத்தொன்று என்று வந்தது.

அதே இடம். அதே நீளம். அதே இரண்டு தூண்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பீம்.

அடுத்ததை அழுத்தினாள். எட்டு, முப்பத்திரண்டு. அதற்கடுத்ததும் அப்படியே. ஹாலின் மேல் இருந்த பதினோரு பீமும் இரட்டை. காப்பி-பேஸ்ட் கீழ்த்தளத்துக் கோடுகளை எடுத்து, ஏற்கெனவே கோடு இருந்த இடத்திலேயே ஒட்டியிருக்கிறான். பார்க்கிற கண்ணுக்கு ஒரே கோடு, மென்பொருளுக்கு இரண்டு. அது பாவம், வந்ததை நம்பி, சுமையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பாதிச் சுமைக்கு எவ்வளவு கம்பி வேண்டுமோ அதை எழுதிக் கொடுத்தது. கட்டப்போவது ஒரு பீம். அதில் பாதிக் கம்பி.

போனை எடுத்துக் காப்பி-பேஸ்ட்டைக் கூப்பிட்டாள். பட்டியலில் இருந்ததையெல்லாம் கேட்டாள், இல்லாததையும் கேட்டாள். எதிர்முனையில் களைத்த குரல் ஒன்று, "கோடு ரெண்டா இருந்தா உள்ள எடுக்கும்போது உங்க சாஃப்ட்வேர் சொல்லுமே மேடம். சொல்லலையா?" என்றது.

சொன்னது. சொல்லாமல் என்ன. இம்போர்ட் செய்யும்போது வருகிற சின்னப் பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றான கோடுகளை இணைக்கவா என்று ஒரு வரி உண்டு. பக்கத்தில் ஒரு டிக். ஆறு மாதம் முன்பு வேறொரு வேலையில் அந்த டிக் இருந்ததால், மாடிப்படி ஓரத்தில் நெருக்கமாக இருந்த ஒரு குட்டி பீமை மென்பொருள் பக்கத்துக் கோட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டது. அண்ணன் அதை வீட்டுச் சொந்தக்காரர் எதிரிலேயே கண்டுபிடித்து, "எங்க சின்னவளுக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம்" என்று சிரித்தான். வந்தவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு மாலையே அவள் அந்த டிக்கை எடுத்துவிட்டாள். எடுக்கும்போது விரலில் எவ்வளவு கோபம் இருந்தது என்று இப்போதும் நினைவிருந்தது. மருத்துவமனைக் கோப்பு உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் வேலை தொடங்கும் முன் அவள் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பாள். இன்று என் கையால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது, ஆண்டவனே. அவ்வளவுதான் அவள் பிரார்த்தனை. டிக்கை எடுத்த மறுநாளும் அதைச் சொல்லித்தான் கணினியைத் திறந்தாள். ஆண்டவனும் தன் பங்குக்கு ஒரு ஆளை விட்டுக் கூப்பிடத்தான் செய்தான். கூப்பிட்ட ஆளை அவள் எத்தனை வருஷமாக் கட்டுறீங்க என்று கேட்டாள்.

இரட்டையை அழித்து மறுபடி கணக்கை ஓடவிட்டாள். தூண்கள் தப்பித்தன. பீமின் ஆழமும் போதும். கம்பிதான், கொக்கி சொன்ன மாதிரியே, இருபதில் ஐந்து.

அண்ணன் உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது. கணக்கில் எப்போதும் ஒன்றரை மடங்கு கூட வைத்துத்தானே போடுகிறோம், தாங்கும் என்றான். ஒரு தடவை சைட்டை நிறுத்தினால் ஊர் முழுக்கத் தெரியும், அப்புறம் ஆர்க்கிடெக்ட் நம்மைக் கூப்பிடவே மாட்டார் என்றான். கோப்பறையில் கனம் ஏற்ற வேண்டாம் என்று பிறகு ஒரு கடிதம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

"பாதி போயிடுச்சுண்ணே. பாதி. கடிதாசி தாங்குமா?"

"கத்தாத."

"சரி, கத்தல. ஒண்ணு மட்டும் சொல்லு. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டுன்னு ரெண்டாவது நம்பரும் படத்துல வந்திருக்கணுமே. நான் குடுத்த படத்துல இருந்திருக்கு. சைட்டுக்குப் போனதுல எங்க?"

அண்ணன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கையில் வைத்திருந்தான்.

"ஒரே இடத்துல ரெண்டு எழுத்து ஏறிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. நீ ஏதோ அவசரத்துல விட்டுட்டேன்னு நான்தான் அழிச்சேன்."

"என்னைக் கேக்கல."

"நீ டிக்க எடுத்தப்ப என்னைக் கேட்டியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் கேட்டிருந்தால் அதற்கும் முன்னாலேயே. ஒரே அறையில் ஆறடி இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறவர்கள். அவளுக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. சைட் சூப்பர்வைசரை அங்கிருந்தே போனில் பிடித்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். கையெழுத்து சாருடையது, சார் சொன்னால் நிறுத்துகிறேன், முதல் லாரி கிளம்பிவிட்டது என்றார். அவள் போனை அண்ணனிடம் நீட்டினாள். அவன் கை சோறாக இருந்தது. வாங்கவில்லை.

வாசலில் அவள் தன் ஸ்கூட்டரை நான்கு தடவை உதைத்துப் பார்த்தாள், கிளம்பவில்லை. அண்ணி பின்னாலேயே வந்து தன் வண்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். யார் சரி, யார் தப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதுல பெட்ரோல் ஃபுல்லா இருக்கு. பாத்துப் போ" என்றாள். அவ்வளவுதான்.

சைட்டில் பம்ப் வண்டி ஏற்கெனவே குழாயை மேலே நீட்டிவிட்டிருந்தது. மேஸ்திரி யாரையோ வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தாள். திட்டு வாங்கிக்கொண்டிருந்தது கொக்கி. ஒல்லியான மனிதர், தலையில் துண்டு. கம்பி பலகையில் படாமல் இருக்க அடியில் வைக்கும் சின்ன சிமெண்ட் கட்டைகளை, குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிற நிதானத்தில், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை வைப்பார். எடுப்பார். துடைப்பார். மறுபடி வைப்பார். ஒரு மணி நேரமாக இதே வேலை என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

சின்னவள் அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். "நீங்க சொன்னதுதான் சரி. நான் பேசினது தப்பு."

கொக்கி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. "என் பேச்சு தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்" என்றார்.

அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். கீழே முதல் லாரி வந்து நின்றிருந்தது, அதன் உருளை வயிறு சுழன்றுகொண்டிருந்தது. சார் சொல்லட்டும் என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.

"சரிங்க. கணக்கு தப்பு, தப்பு என்னோடதுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாள் சின்னவள். "நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. இந்தம்மா வந்து சொன்னாங்க, சொல்லியும் ஊத்தினேன்னு."

பேனாவையும் நீட்டினாள். அவர் பேனாவைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், பம்ப் ஆளைப் பார்த்துக் கையைக் காட்டினார். பம்ப் நின்றது.

வந்த கான்கிரீட்டை என்ன செய்வது என்று மேஸ்திரி கொதித்தார். லாரி ஓட்டுநர்தான், சுற்றுச்சுவருக்குத் தோண்டிய பள்ளம் பின்பக்கம் கிடக்கிறதே, அதில் விடலாமே என்றார். அந்தக் குறுகலில் ரிவர்ஸ் எடுக்கவே அரைமணி நேரம் ஆகும். அது அவர் வேலையும் அல்ல. ஜன்னல் வழியே தலையை நீட்டி, சுவரில் உரசாமல் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனார்.

ஒவ்வொரு பீமுக்கும் கூடுதலாக அடியில் இருபது எம்எம்மில் மூன்று கம்பி. ஓரங்களில் மேலே இரண்டு. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் இன்னும் நெருக்கமாக. கம்பி அடுத்த மாடிக்கு வாங்கி வைத்தது கிடந்தது. கட்டி முடித்த கம்பிக் கூட்டுக்குள் நீளக் கம்பியை ஒரு பக்கத்திலிருந்து நுழைத்து, ரிங் ரிங்காகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு முனையில் தள்ள ஒரு ஆள், மறுமுனையில் வழிகாட்ட ஒரு ஆள். கொக்கியின் ஆட்கள் இரண்டு பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் முதல் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

அண்ணன் ஏணியில் ஏறி வந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சூப்பர்வைசர் கையிலிருந்த படத்தை வாங்கி, அவள் பென்சிலால் குறித்திருந்த பதினோரு இடத்தையும் விரல் வைத்துப் பார்த்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். அவளுக்குக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. மந்தக் கண் என்று சிரித்தது, கேட்காமல் அழித்தது, நீட்டிய போனை வாங்காதது எல்லாம் வரிசையாக நெஞ்சில் நின்றன. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாகக் கேட்கத்தான் போகிறாள். அவனும் கேட்பான்.

அண்ணன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, கொக்கியின் பின்னால் போய்க் கம்பியின் மறுமுனையைத் தோளில் வாங்கினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் துரு ஒரு நீளக் கோடாக இழுத்தது.

"நிதானமா சார். நான் சொல்லும்போது தள்ளுங்க."

முனை முதல் ரிங்குக்குள் நுழைந்தது. அப்போது அவன் சட்டைப்பைக்குள் கைபேசி அடித்தது. மெல்லிய துணி வழியே ஆர்க்கிடெக்ட்டின் பெயர் வெளிச்சமாகத் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

"தள்ளுங்க சார்."

அவன் தள்ளினான். கம்பி ஒவ்வொரு ரிங்கிலும் இடித்துச் சத்தமிட்டபடி இருட்டான பீமுக்குள் போய்க்கொண்டிருந்தது. பைக்குள் அந்த வெளிச்சம் அணைந்து, மறுபடி எரிந்தது.