வெந்தால் தடையில்லை

1

எங்கள் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு மலர் போடுகிறார்கள்; அதற்கு இரண்டு பக்க வரலாறு கேட்டார்கள். "பழசா இருக்கோணும்" என்றது கமிட்டி. கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய எங்கள் சிற்றூரின் அறுவடை நோம்பியில் எனக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு நாள். 1974 தை மாதம். அதுவும் பாதிதான் தெரியும். மீதியைப் புளுகப் போகிறேன்.

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில் சேர மன்னன் ஒருவன் யானைமேல் இவ்வழியே வருகையில்,

(யானையை எங்கே கட்டுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

2

எல்லைச் சாவடியில் சாந்தம்மாளின் மஞ்சள் பையை அவிழ்க்கச் சொன்னார்கள்.

கோயில் கேரளத்துப் பக்கம். நோம்பியன்று உச்சிப்பொழுதுக்குள் வீட்டுக்கு ஒரு படி, தான் விளைவித்த புத்தரிசி பொது அண்டாவில் விழ வேண்டும். விழுந்த வீட்டுக்குத்தான் நோம்பிக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு. பதினோரு வருஷம் அந்த அண்டாவைத் தேய்த்துக் கழுவியவள் சாந்தம்மாள். நிலமில்லாதவள் அரிசிக்கு எங்கே போவாள்? இந்த வருஷம்தான் தமிழ்நாட்டுப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தாள். முதல் விளைச்சல், பையில்.

காவலர் செல்லத்துரை தென்காசிக்காரர். "யக்கா, அரிசி அந்தப் பக்கம் போகக்கூடாதுல்லா. தடை இருக்கு."

"ஒரு படிதானுங்க. சாமிக்கு."

"சாமி பெர்மிட் வச்சிருக்காரா?"

சாந்தம்மாளுக்கு அழுகை வந்தது. [அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. எழுதும்போது அழுதது நான்.] சாந்தம்மாள் யோசித்தாள்.

"சோறாக் கொண்டு போலாங்களா?"

செல்லத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சோத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

3

சாவடியோரம் பாவாவின் டீக்கடை. மூன்று கல், விறகு, தண்ணீர் எல்லாம் கொடுத்துவிட்டுப் பாவா தயங்கினார்.

"அக்கா, இது பிரியாணிப் பானை. உங்க சாமி ஏத்துக்குமா?"

"சாமியக் கேட்டுட்டு வரதுக்குள்ள உச்சியாயிரும். எடு தம்பி."

(பாவா தயங்கியதாக யாரும் சொல்லவில்லை. அந்தத் தயக்கம் என்னுடையது. மலர் அச்சாக வேண்டுமே.)

உலை கொதித்தது. லாரிக்காரர்கள் இறங்கி நின்றார்கள். கோயிலடிக் கூட்டமும் வேடிக்கை பார்க்க இங்கே நகர்ந்தது.

4

கூட்டம் போன வழியே நோம்பித் தலைவர் குப்பண்ணனும் வந்தார். அவரை வில்லனாக்கத்தான் திட்டம். அதற்கென்றே பெரிய மீசை வைத்தேன். மீசை வளர்ந்தது, ஆள் கெட்டவராகவில்லை.

"ஏம்மா, அங்க அண்டா காயுது. இங்க என்ன கடை போட்டிருக்கறே?"

"அரிசிய உடமாட்டீங்கறாங்க. சோறாக்கிக் கொண்டாறனுங்க."

"அண்டாவுல சோத்தப் போடற வழக்கமில்லயே."

"என்ற அரிசியப் போடற வழக்கமும் இல்லீங்களே."

யாரோ சிரித்தார்கள். செல்லத்துரைதான் என்று நினைக்கிறேன்.

5

முடிவு அ: குப்பண்ணன் திரும்பிப் போகிறார். லாரிக்காரர்கள் வயிறார உண்ண,

முடிவு ஆ: அண்டாவையே சாவடிக்குத் தூக்கிவரச் சொல்லி ஊரே கைதட்ட,

முதலாவதை எழுதக் கை வரவில்லை. இரண்டாவதை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எனவே இதோடு நிறுத்துகிறேன். சோறு வெந்துவிட்டது. செல்லத்துரை தடுப்புக் கட்டையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். பானையின் ஒரு பக்கத்தைச் சாந்தம்மாள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துவிட்டாள். கனத்த பிரியாணிப் பானை, ஓராள் தூக்கக்கூடியதல்ல. மறுபக்கம் சுடுகிறது, துணி வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் குப்பண்ணன். அவர் தோளில் ஒரு துண்டு.

துண்டை நான் போட்டுவிட்டேன். எடுக்கவைப்பது உங்கள் பொறுப்பு.