நடுவில் ஒரு மங்கல்

"எல்லாம் இதுக்குள்ளயே சார். பெட்டி தனி, திரை தனின்னு கிடையாது. ஒயரும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று கடைக்காரன் அந்தக் கணினியின் முதுகைத் தட்டிக் காட்டினான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே திரையின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பழைய சாமான் வாங்க வந்தவன் எதையாவது தடவிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏமாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டிவிடுவார்கள். ஏதோ ஒரு ஓட்டலை இழுத்து மூடியபோது அதன் வரவேற்பறையிலிருந்து மொத்தமாக வாங்கி வந்த சரக்காம். திரையில் அருவிப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாமியாரும் மருமகளும் ஒரே சமையல்கட்டுல இருக்கற மாதிரி சார் இது. யாராவது ஒருத்தர் மக்கர் பண்ணா மொத்த வீடும் நின்னுடும். அதனால இப்பவே நல்லா பாத்துக்கங்க. அப்புறமா வந்து அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லக்கூடாது."

"பாத்தாச்சு பாத்தாச்சு" என்றார் அவர்.

விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். கடைக்காரன் மறுபேச்சு பேசாமல் அட்டைப்பெட்டியை எடுக்கப் போய்விட்டான். பேரம் பேசத் தெரிந்த ஆள்தான் நாம் என்று அவருக்கு உள்ளூர ஒரு சின்னக் கர்வம்.

உண்மையில் அவர் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு என்பதால் இதைச் சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மருந்துப் பெட்டிகளின் மேலட்டையை அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் சரிபார்ப்பவர். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எந்த வயதுக்கு என்று ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டு, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் இயந்திரம் ஓடும். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்து, அதைத் தட்டச்சு செய்தவனைக் கூப்பிட்டு வைத்துக் கால்மணி நேரம் பேசுவார். அச்சகத்தை ஊருக்கு வெளியே மாற்றிய பிறகு வேலையை வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அவருடைய இடக்கண் போனது அங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டிலும் தெரியாது. ஒரு நாள் காலை, வலக்கண்ணை மூடியிருந்தபோது நேராகப் பார்த்த எழுத்து காணாமல் போய் அதைச் சுற்றியிருந்தவை மட்டும் நின்றன. கண்ணைக் கசக்கினார், கழுவினார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் மனைவி வேலைக்குப் போன நேரம் பார்த்து டாக்டரிடம் போனார். "இந்தக் கண்ணுல நடுப்பார்வை போனது போனதுதான். இன்னொரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்ல முடியாது. தினமும் இதைப் பாருங்க" என்று டாக்டர் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். கோடு வளைந்தாலோ நடுவில் மங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும், சீக்கிரம் வந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அவர் அந்தத் தாளைப் பயபக்தியோடு வாங்கி வந்து, பீரோவில் கம்பளிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். பார்த்தால்தானே வளையும்? மனைவியிடம் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறதாம் என்று சொன்னார். அவளிடம் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது. அவள் அழுவாள் என்ற பயம் இல்லை, அவள் அழுகிற ரகம் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டால் அது நிஜமாகிவிடும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்த பழைய கணினியில் அவருக்கு எழுத்துகூடப் பிரச்சினையாக இல்லை. அம்புக்குறிதான் படுத்தியது. திரையில் அது எங்கே இருக்கிறது என்று தேடி, மௌஸை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்டுபிடிப்பதற்குள் பார்க்க வந்தது மறந்துவிடும். இப்போது வாங்கியது தொடுதிரை, அந்த வம்பு இல்லை. தன் விரலைத் தேட வேண்டியதில்லையே. இரண்டு விரலை வைத்து விரித்தால் எழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கும். "மேசைல இடம் மிச்சமாகும், ஒயர் தொல்லை இருக்காது" என்று மனைவியிடம் காரணம் சொல்லித்தான் வாங்கினார்.

அவள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். அன்று மாலை வந்தவுடன் கையைக்கூடக் கழுவாமல் திரையில் விரலை வைத்து இழுத்து, படங்களை ஓடவிட்டுப் பார்த்தாள். "இது எங்க பிள்ளைங்க கையில கிடைச்சா அரை மணி நேரம் தாங்காது" என்றாள். "அதென்ன, வேலைக்கு வாங்கினேன்னு சொல்லிட்டுக் கட்டில் அளவுக்கு வாங்கி வந்திருக்கீங்க?" அவர் சிரித்தார். வெகு நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. சாப்பிடும்போது, ஓட்டலில் எத்தனை பேர் இதைத் தொட்டிருப்பார்கள் என்றுகூட வேடிக்கையாகப் பேசினார்.

மறுநாள் அவள் கிளம்பிப் போனதும் முதல் அட்டையைத் திறந்தார். வெள்ளைத் தாள் திரை முழுக்க விரிந்தது. நடுவில் ஒரு மங்கல்.

உள்ளங்கையைவிடச் சின்னது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டு வைத்தது போல, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. அதற்குள் அகப்பட்ட எழுத்துகள் அழியவில்லை, தொலைவுக்குப் போயிருந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் பார்த்தார். மங்கல் இருந்தது. கையை எடுத்தார். இருந்தது. கணினியை அணைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, குடித்த தம்ளரைக் கழுவி, கழுவியதையே மறுபடி கழுவினார்.

உடனே ஓடி வரச் சொன்னாரே டாக்டர், ஓட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. செருப்பைக்கூட மாட்டினார். வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாளைக்குப் போகலாம் என்று கழற்றினார். அந்த ‘நாளைக்கு’ அப்படியே தள்ளிப் போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது அவர் விஷயத்தில் அப்பட்டமாக நடந்தது. குளியலறைக் கண்ணாடியில் சோப்புக் கறையைப் பார்த்து நடுங்கினார். தேநீர் ஆவியில் நடுங்கினார். செய்தித்தாளைப் பிரிக்காமலே மடித்து வைத்தார். எதையும் நேருக்கு நேர் பார்க்காமல், விருந்துக்குப் போன வீட்டில் நடப்பது போலத் தன் வீட்டுக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். போனில் எழுத்துகள் சுத்தமாகத் தெரிந்தன. போன் சின்னது, கிட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தைரியத்துக்குக் கிடைக்காத காரணமெல்லாம் பயத்துக்குக் கிடைத்துவிடுகிறது.

வேலை நின்றால் கேள்வி வரும். அதனால் தாளை மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று விரலால் தள்ளித் தள்ளி, எழுத்துகளை மங்கலிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தார். தோல் களிம்பு, இருமல் மாத்திரை என்று சின்னச் சின்ன அட்டைகளை அப்படி ஒப்பேற்றிவிட்டார். அனுப்பிய பிறகு தூக்கம் வராது. பிறகு குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் அட்டை வந்தது. வயது வாரியாக எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று நெருக்கமான ஒரு பட்டியல். எல்லாம் புள்ளி வைத்த எண்கள். இரண்டரை இருபத்தைந்தாக ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும். பார்த்தார், மறுபடி பார்த்தார். சரி என்று தோன்றியது. தோன்றுவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனைவியின் காப்பகத்தில் மருந்து வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அச்சகத்து மேற்பார்வையாளன் போன் செய்தான். "அண்ணே, என்ன ஆச்சு? சிரப் அட்டை இன்னிக்கு மெஷின்ல ஏறணும். பூதக்கண்ணாடிக்கே தூசி படிஞ்சிருச்சா?"

"சாயந்திரத்துக்குள்ள தர்றேன் தம்பி. மூலத்துலயே ஒரு சந்தேகம் இருக்கு" என்று வாய்கூசாமல் சொன்னார்.

மனைவி வந்து முகம் கழுவும்வரை கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஒரு உதவி பண்ணும்மா. நீ திரையைப் பாத்து சத்தமா வாசி. நான் இந்தத் தாளை வெச்சுக்கிட்டு ஒப்பிடறேன். முன்னெல்லாம் அச்சகத்துல ரெண்டு பேராத்தான் பார்ப்போம். குழந்தைங்க மருந்து பாரு."

"நான் வாசிச்சா உங்களுக்குப் பிடிக்காதே. ஒரு கமாவை விட்டதுக்கே சண்டைக்கு வருவீங்க" என்றாலும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலோரம் மூலத் தாளோடு நின்றார். அது மஞ்சள் தாள், எழுத்து பெரிது. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தாள். பெயர் முடிந்தது. உட்பொருள் முடிந்தது. பட்டியலுக்கு வந்ததும் நிறுத்தினாள். கழுத்தை நீட்டினாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"என்னங்க இது? நடுவுல அழுக்கா, கறையா? தொடைச்சா போக மாட்டேங்குது. உள்ளயிருந்து மங்கலா இருக்கே."

அவர் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. "உனக்கும் தெரியுதா?"

"எது?"

"அதான், நடுவுல. சாம்பலா. இங்கதானே?" ஓடி வந்து விரலை வைத்தார். "இங்கதானே?"

"ஆமா, அங்கதான். அன்னிக்குப் படம் ஓடினப்ப தெரியல. ஓட்டல்ல வந்தவன் போனவன் எல்லாம் அமுக்கி அமுக்கி உள்ள நசுங்கியிருக்கும் போல."

அவர் தலையை வலப்பக்கம் சாய்த்தார். மங்கல் திரையிலேயே நின்றது. இடப்பக்கம் சாய்த்தார். அது அசையவில்லை. திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். கிழமை, தேதி, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவன் விலாசம்வரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. எதிர்வீட்டு மாடிக் கொடியில் துணிக்குப் போட்ட கிளிப்புகளில் எது பச்சை, எது சிவப்பு என்றுகூடத் தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏமாத்திட்டாம்மா! நல்லா தலையில மொளகா அரைச்சிட்டான்! எப்படிப்பட்ட பய பாரு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். போய் இப்போதே அந்தக் கடைக்காரனைக் கட்டிப்பிடித்திருப்பார்.

அவளும் முதலில் சிரித்தாள். "ஏமாந்துட்டு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை இப்பதான் பாக்கறேன்." பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அதென்ன, ‘உனக்கும்’னா?" என்றாள்.

"என்ன?"

"உனக்கும் தெரியுதான்னு கேட்டீங்க. இவ்வளவு பெருசா இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து இது முன்னாடியேதான் உக்காந்திருக்கீங்க. காய்கறிக்காரன் ஒரு கத்திரிக்கா சொத்தையா குடுத்தா திரும்பப் போய் சண்டை போடற ஆளு. இதுக்குக் கடைக்குப் போகல. எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல." அவள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இது எங்க இருக்குன்னு நெனச்சீங்க?"

அவர் குனிந்து கீழே விழுந்த தாளை எடுத்தார். அதைத் தட்டினார், மடித்தார், பிரித்தார். "பவர்... கண்ணாடி பவர்..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

காப்பகத்தில் எங்கே வலிக்கிறது என்று சொல்லாத குழந்தைகளிடம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். தொட்டுப் பார்ப்பாள். எழுந்து வந்து அவருடைய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். உள்ளங்கையால் அவருடைய இடக்கண்ணைப் பொத்தினாள். கையில் இன்னும் வண்ணக் களிமண் வாசனை இருந்தது.

"இப்ப?"

"தெரியுது. நல்லா தெரியுதும்மா. சத்தியமா." அது உண்மைதான். அவ்வளவு கிட்டத்தில் கண்ணாடி இல்லாமலே அவள் முகவாயில் ஒட்டியிருந்த நீலச் சாயப் பொட்டுகூடத் தெரிந்தது.

கை இடம் மாறியது. இப்போது வலக்கண் இருட்டிவிட்டது.

"இப்ப?"

இதற்கு அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. கண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பி வைத்துக்கொண்டால், பார்க்காத பக்கத்திலிருந்து உருவம் வந்து நிற்கும். அதை வைத்தே எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறார். அவள் காது இருக்கும் பக்கமாகப் பார்வையை மெல்ல நகர்த்தினார்.

"அங்க இல்ல" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "என்னை நேரா பாருங்க."

அவர் நேராகப் பார்த்தார். வகிடு தெரிந்தது. இரண்டு காதுகளும், ஒரு பக்கம் கலைந்த முடியும், கழுத்தும், தோளுக்குப் பின்னால் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த திரையும் தெரிந்தன. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூச்சுக்காற்று மட்டும் வந்து அவர் கன்னத்தில் பட்டது.