தண்ணீர்ப் பந்தல் தலைவர்

டாக்டர் ராமதாஸ், சின்னையாவின் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்துக் காதுவரை ஏறியது.

"நம்மூர் பிராங்கின் கால்வாய் தெரியுமில்ல? கடல் ஏறினா சாக்கடைத் தண்ணி தெருவுக்கே திரும்பும். இருதயம் இழுக்கலைன்னா வயித்து ரத்தமும் அப்படித்தான், நரம்புலயே தேங்கிடும். ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணி. அதுக்கு மேல சொட்டுக்கூட வேண்டாம்."

அன்றிலிருந்து மனைவி நல்லம்மாள் அளந்துதான் ஊற்றினாள். ஊரார் அவருடைய பெருத்த வயிற்றை வீக்கமென்று நினைக்கவில்லை. தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்குரிய அந்தஸ்து என்றார்கள். சின்னையாவும் அதை நம்பியதுதான் சங்கடம். மூன்று வாரத்தில் வயிறு வற்றத் தொடங்கியது. அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் கோட்டு தொளதொளக்கிறதே என்று கவலைப்பட்டார்.

தைப்பூசம் வந்தது. முருகன் கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் சின்னையா தலைமையில் ஒரு தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தல் தலைவர் இன்னொரு பந்தலைக் கடந்தால் பானகம் குடித்தாக வேண்டும். மறுத்தால் பொறாமைக்காரன் என்று பெயர்.

"ஒரு கிளாஸ்தான்லா, தலைவரே," என்றார் அடுத்த பந்தல் தங்கராஜு. "எங்க பானகம் உங்களுக்கு இறங்காதோ?"

"வேண்டாங்க," என்றாள் நல்லம்மாள்.

"சும்மா இரு. குடிக்கப் பயப்படுறவன் தண்ணிப் பந்தலுக்குத் தலைவரா?" என்று கிளாஸை வாங்கினார் சின்னையா.

மலையடி போய்ச் சேர்வதற்குள் பதினொரு கிளாஸ். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் காலை அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். வீட்டுக்கு வந்த டாக்டர் கழுத்தைப் பார்த்தார்.

"நேத்து எவ்வளவு தண்ணி?"

"ரெண்டு," என்றார் சின்னையா. பந்தல் கமிட்டியார் சுற்றி நின்றிருந்தார்கள்.

டாக்டர் எடுத்த ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். "தண்ணி கூடக் குடிச்சு நீர் ஏறியிருந்தா ஊசி போட்டு இறக்கலாம். குடிக்காமலே ஏறுதுன்னா இருதயம் ஓய்ஞ்சுபோச்சு. இந்த ஊசியைத் தாங்காது. தண்ணியை அடியோட நிறுத்துங்க."

நல்லம்மாள் சொல்ல வாயெடுத்தாள். சின்னையா ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷமாக, நாலு பேர் முன்னால் அவர் பேச்சை அவள் மறுத்ததில்லை. கமிட்டியார் போனதும் டாக்டரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவர்களோ மரியாதை நிமித்தம் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் எழுந்ததும், பக்கத்து வீட்டு நூர்ஜானைக் காவல் வைத்துவிட்டுச் செருப்புகூட இல்லாமல் ஓடினாள்.

"பதினொன்னு, டாக்டர்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார்.

நூர்ஜான் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். "இப்பத்தான் மூச்சு அடங்குச்சு, அக்கா. தண்ணி தண்ணின்னு கேட்டாரு. நீங்க குடுக்கக் கூடாதுன்னீங்கன்னு நான் குடுக்கலை."