அதிகாரியின் வெளிர்நிறக் கோட்

என் தங்கைக்கு வீட்டில் விசில் என்று பெயர். படுத்தால் அவள் நெஞ்சு கூவும். வயது பதினாறு. மூச்சு மருந்தை உறிஞ்சிக்கொண்டுதான் பள்ளிக்கூடப் படியேறுவாள்.

இந்த வெளிநாட்டில் எங்களுக்கு அரசு கொடுத்த வீட்டின் ஈரச் சுவரும் பூஞ்சையும்தான் காரணம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அதை வைத்து வேறு வீடு கேட்டோம். வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வருவதாகப் பதில் வந்தது. அவர் பார்த்து எழுதினால்தான் வீடு மாறும்.

அன்று அரைநாள் விடுப்பு எடுத்து வந்தேன். படுக்கையறையில் பிளீச்சிங் பவுடர் வாடை கண்ணைக் கரித்தது. சுவர் பளிச்சென்று இருந்தது. தேய்த்தும் போகாத மூலையை மறைத்து அலமாரி நின்றது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"ஆபீசர் வர்ற வீடு. கன்னங்கரேல்னு காட்டச் சொல்றியா? நம்ம ஆளுங்க சமைச்சுச் சமைச்சே சுவரு வேர்க்குதுன்னு கீழ்வீட்டுக்காரி ஏற்கெனவே சொல்லிட்டுத் திரியறா."

வாடை தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த விசில் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அம்மா நெனச்சுட்டாங்கக்கா. சுவத்துக்கு பவுடர் மட்டும்தான் பாக்கி."

தேய்ப்பதற்கு முன் இருந்த பூஞ்சையை நான் ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. படித்தது என்னவோ அறிவியல்.

அதிகாரி வந்தார். உள்ளே நுழைந்ததும் அம்மா அவருடைய வெளிர்நிறக் கோட்டைக் கிட்டத்தட்டப் பிடுங்கி, மரியாதையாக அலமாரிக்குள் மாட்டினாள். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் நான்.

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். இதுதானா என்று கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் சுத்தமா இருக்கும்னு சொல்லுடி."

நான் அம்மாவையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார். குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கிளம்புவதற்காகத் தன் கோட்டைக் கேட்டார்.

அம்மா எடுத்து வந்தாள். கோட்டின் முதுகு முழுக்கப் பூஞ்சையின் கரும்பொடி. அலமாரியின் உள்பலகையைத் துடைக்க அவளுக்கு நேரம் போதவில்லை. கையால் தட்டினாள். கறை இன்னும் பரவியது. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"தெனமும் தொடைக்கிறோம், நாங்க அழுக்கானவங்க இல்லன்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு!"

சொன்னேன். தினமும் துடைக்கிறோம், தினமும் திரும்ப வருகிறது, அலமாரியை நகர்த்திப் பாருங்கள் என்றேன்.

"நான் சொன்னது கொஞ்சம்தானே? நீ ஏன் இவ்வளவு பேசறே?"

"அந்த மொழியில அப்படித்தாம்மா வரும்."

அதற்குள் அதிகாரி அலமாரியைத் தள்ளத் தொடங்கியிருந்தார். மூலையைப் பார்த்தார். அதைப் படமெடுத்தார். கோட்டையும் விரித்துப் படமெடுத்தார்.

"கோட்டைத் தொவச்சுக் குடுத்துடறேன்னு சொல்லு. ஐயோ, ஆபீஸ் பூரா இதைப் பாப்பாங்களேடி!"

"பாக்கட்டும்மா. இன்னைக்கு நீ தேய்க்காம விட்டது அது ஒண்ணைத்தான்" என்று விசில் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க நெஞ்சும் சேர்ந்து கூவியது.

அதிகாரி அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, தாளில் இழுத்திருந்த கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.